மாலை போட்டால் முடிகிறது, கழற்றினால் ஏன் முடியவில்லை? – கேள்வி பதில்

உளவியல் ஆலோசகராக இருக்கும் இத்தனை வருடங்களில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "எனக்கு வில் பவர் இல்ல மேடம்" என்பதுதான். சொல்பவர்களில் பலர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்கள், மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர்கள். உறுதி இல்லாதவர்கள் செய்கிற காரியமா இது? அதனால்தான் மனவுறுதியைப் பற்றியும், அதற்கு அடியில் கிடக்கிற நம்பிக்கைகளைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

மேடம், நான் சேலத்துல லாரி பட்டறை வெச்சிருக்கேன். வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுறேன். 48 நாள் ஒரு சிகரெட் தொடமாட்டேன், நினைப்புகூட வராது. மலைக்குப் போய்ட்டு வந்து மாலையக் கழட்டின அன்னிக்கே பெட்டிக்கடை வாசல்ல நிக்கிறேன். எனக்கு வில் பவர் இருக்கா, இல்லையா?

இருக்கிறது அண்ணா. 48 நாள் விரதத்தை முடித்தவருக்கு அதில் சந்தேகமே வேண்டாம்.

நிகோடினை நிறுத்தினால் உடம்பு படுத்துகிற பாடு முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே நீங்கள் மாலையைக் கழற்றுகிற அன்று உங்களைக் கடை வாசலுக்கு இழுத்துப் போவது நிகோடின் மட்டும் இல்லை.

மாலை போட்டதும் என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். கறுப்பு வேட்டி. காலையும் மாலையும் குளியல். வீட்டில் தனிச் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேல், பட்டறைப் பையனிலிருந்து மாமனார் வரை எல்லோரும் உங்களை "சாமி" என்கிறார்கள். சாமி சிகரெட் பிடிக்க மாட்டார். அதில் யோசிக்க எதுவும் இல்லை, போராடவும் எதுவும் இல்லை. "நான் யார்" என்ற பதில் மாறியதும் கை தானாக ஓய்ந்துவிடுகிறது. மாலையைக் கழற்றும்போது அந்தப் பதிலையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுகிறீர்கள். "நான் சிகரெட் பிடிக்கிறவன், இத்தனை நாள் நிறுத்தி வெச்சிருந்தேன்" என்பதுதான் அடியில் இருக்கும் நம்பிக்கை. நிறுத்தி வைத்ததை மறுபடி தொடங்குவதுதானே முறை?

அடுத்த முறை மாலை கழற்றும் முன்பே பட்டறையில் சொல்லிவிடுங்கள்: "நான் பிடிக்கிறதில்லப்பா." விட்டுட்டேன் என்றோ முயற்சி பண்றேன் என்றோ சொல்லவேண்டாம். கழற்றிய பிறகு முதல் இரண்டு வாரம் டீயை அந்தப் பெட்டிக்கடையில் குடிக்காதீர்கள். காலைக் குளியலை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். சாமியாக இருந்த ஆளில் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.

நம்ம நடத்தைய 95 சதவீதம் ஆழ்மனம்தான் தீர்மானிக்குதுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. உண்மையா?

மனதை அப்படி 95, 5 என்று யாரும் அளந்து பிரித்ததில்லை. எண்ணை நம்பாதீர்கள். நாம் யோசிக்காமலே நிறையச் செய்கிறோம் என்பது மட்டும் உண்மை.

ஆழ்மனம் என்றால் தலைக்குள் பூட்டிக் கிடக்கும் மாய அறை என்று நினைக்கவேண்டாம். 1960-களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வு நோயாளிகளிடம் ஒன்றைக் கவனித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் மனதில் குட்டி வாக்கியங்கள் மின்னி மறைகின்றன. "இவருக்கு நான் போரடிக்கிறேன்" என்பது மாதிரி. அந்த வாக்கியத்துக்குக் கீழே ஒரு சட்டம்: "எல்லோருக்கும் பிடித்தமாதிரி நடந்தால்தான் மதிப்பு." அதற்கும் கீழே ஒரு தீர்ப்பு: "நான் யாருக்கும் வேண்டாதவள்." அந்தத் தீர்ப்பை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. சின்ன வயதில் எப்போதோ எழுதப்பட்டது. அப்போது அது நியாயமாகக்கூட இருந்திருக்கும். இன்றைக்கும் அதன்படியே காரியம் நடக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா, திண்டுக்கல். குரூப் 4 மூணு தடவ எழுதிட்டேன். காலைல டைம்டேபிள் போட்டு உக்காருவேன், அரை மணி நேரத்துல போன் கைல இருக்கும். அப்பா 'உனக்கு வைராக்கியம் இல்லடா'ங்கிறார். எனக்கும் அப்படித்தான் தோணுது.

தம்பி, முதலில் ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன்.

குழந்தை முன்னால் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை வைத்து, "நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருகிறேன்" என்று சொல்லிப் போகிற சோதனையைக் கேள்விப்பட்டிருப்பாய். வால்டர் மிஷெல் ஸ்டான்போர்டில் செய்தது. காத்திருந்த குழந்தைக்கு மனவுறுதி அதிகம், அது பின்னாளில் ஜெயிக்கும் என்று ஊரெல்லாம் பேசினார்கள். 2013-ல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்து வேறு மாதிரி செய்தார்கள். மிட்டாய்க்கு முன்பே ஒரு படம் வரையும் வேலை. "நல்ல கிரையான் கொண்டுவரேன், இரு" என்று ஆராய்ச்சியாளர் போகிறார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் "மன்னிச்சுக்கோ, இல்லையாம்" என்று வெறுங்கையோடு வந்தார். அதற்குப் பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம்.

ஏமாந்த குழந்தைக்கு வைராக்கியம் இல்லை என்று சொல்வாயா? வராத மிட்டாய்க்கு எந்தப் புத்திசாலியும் காத்திருக்க மாட்டான்.

மூன்று முறை எழுதிக் கிடைக்காத உனக்கு, புத்தகத்தைத் திறந்ததும் அடியில் ஓடுகிற வாக்கியம் "படிச்சா மட்டும் கிடைச்சிடுமா" என்பதாக இருக்கலாம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முழுசாகப் படித்துத் தோற்றால் "நான் அவ்வளவுதான்" என்று ஆகிவிடும். பாதி படித்துத் தோற்றால் "படிக்கல, அதான்" என்று சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. போன் உன்னை அந்தத் தீர்ப்பிலிருந்து காப்பாற்றுகிறது. அது சோம்பேறித்தனம் இல்லை, பயம்.

டைம்டேபிளைக் கிழித்துப் போடு. நீ உனக்கே கொடுத்து உடைத்த வாக்குகள் அதில் நிறைய இருக்கின்றன. நாளைக்கு 20 நிமிடம், ஆறாம் வகுப்புச் சமச்சீர் புத்தகத்தில் ஒரு பாடம், பத்துக் கேள்வி. போன் அடுத்த அறையில். 20 நிமிடம் முடிந்ததும் எழுந்துவிடு, ஆசை இருந்தாலும் நீட்டாதே. பத்து நாள் உன் வாக்கு உன்னிடம் காப்பாற்றப்படட்டும். நேரத்தைக் கூட்டுவதைப் பற்றி அப்புறம் பேசுவோம். எத்தனை முறை எழுதுவது, கூடவே என்ன வேலை பார்ப்பது என்பதையும் அப்பாவோடு உட்கார்ந்து பேசு. போட்டி கடுமையானது. அதை உன் குறையாக எடுத்துக்கொள்ளாதே.

மனவுறுதி செல்போன் பேட்டரி மாதிரி, சாயங்காலத்துக்குள்ள தீர்ந்துடும்னு படிச்சேன். சரியா மேடம்?

1998-ல் ராய் பாமைஸ்டர் குழுவினர் செய்த சோதனையிலிருந்து பரவிய கருத்து இது. சாக்லேட் பிஸ்கட் வாசனைக்கு நடுவில் முள்ளங்கியை மட்டும் தின்ன வைக்கப்பட்டவர்கள், அடுத்துக் கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். 2016-ல் 23 ஆய்வகங்கள் 2,000 பேருக்கு மேல் வைத்து இந்தக் கருத்தை வேறொரு பணியில் சோதித்துப் பார்த்தபோது விளைவு ஏறக்குறைய இல்லை.

எனக்கு இதில் பிடித்தது வேறு. 2010-ல் வெரோனிகா ஜாப், கேரல் டுவெக், கிரிகரி வால்டன் மூவரும் காட்டியது: மனவுறுதி தீரும் என்று நம்புகிறவர்களுக்குத்தான் அது தீர்ந்தது. 2017-ல் ஜாபும் கிருஷ்ணா சவானியும் இந்தியர்களிடம் சோதித்தபோது, கடினமான வேலைக்குப் பிறகு அவர்கள் அடுத்த வேலையை இன்னும் நன்றாகவே செய்தார்கள். மனதை உழைக்க வைத்தால் தெம்பு கூடும் என்ற நம்பிக்கை நம்மிடம் அதிகம் என்பதே அவர்கள் தந்த விளக்கம். விரதம் இருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "இருக்க இருக்கத்தான் பலம் வருது" என்பார்கள். இதற்காகத் தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். தூங்காத உடம்பை எந்த நம்பிக்கையும் சரிக்கட்டாது.

தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு 'நான் வெற்றியாளன்'னு 50 தடவ சொல்றேன். ஆறு மாசம் ஆச்சு. சொல்லி முடிச்சதும் மனசு இன்னும் கனமாயிடுது.

உங்கள் அனுபவம் சரிதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் 2009-ல் கண்டது இதையே. தன்மேல் மதிப்புக் குறைவாக உள்ளவர்கள் "நான் அன்புக்குரியவர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் மோசமானது. நீங்கள் ஒருமுறை சொன்னால் உள்ளே இருப்பது "பொய்" என்று ஒருமுறை பதில் சொல்கிறது. 50 தடவை சொன்னால் 50 பதில்.

கற்பனையிலும் இப்படித்தான். 1991-ல் கேப்ரியேல் ஓட்டிங்கன் எடை குறைக்க வந்த பெண்களை ஒரு வருடம் பார்த்தார். தான் ஒல்லியாகிவிட்டதாக இனிக்க இனிக்கக் கனவு கண்டவர்கள், அப்படிக் காணாதவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகவே இளைத்தார்கள். "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே இளைத்தார்கள். எதிர்பார்ப்பு வேறு, பகற்கனவு வேறு.

கண்ணாடி முன் நிற்கவேண்டாம். ராத்திரி ஒரு வரி எழுதுங்கள்: "இன்று நான் செய்தது." நடந்ததை மட்டும். அதை உள்மனம் மறுக்க முடியாது.

டயட்ல இருக்கேன். ஒரு ஜாங்கிரி சாப்பிட்டா போதும், அன்னிக்கு முழுக்க கட்டுப்பாடே போயிடுது. ஏன்?

"தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன" என்ற கணக்கு. ஒரு ஜாங்கிரி ஒரு ஜாங்கிரிதான். "நான் கட்டுப்பாடு இல்லாதவள், பார்த்தாயா" என்று அதற்கு நீங்கள் கொடுக்கிற அர்த்தம்தான் அடுத்த ஐந்தையும் தின்ன வைக்கிறது. அடுத்த வேளைச் சாப்பாட்டை வழக்கம்போலச் சாப்பிடுங்கள், பட்டினி கிடந்து ஈடுகட்டாதீர்கள்.

என் வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறார். காலைல கை நடுங்குது. மாமியார் 'மனசு வெச்சா நாளைக்கே விட்டுடுவான்'ங்கிறாங்க. அவர் ஆழ்மனச மாத்த என்ன செய்யணும் மேடம்?

அம்மா, இங்கே ஆழ்மனப் பேச்சை ஓரமாக வையுங்கள். காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. மாமியார் சொல்கிறபடி ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், அங்கே கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவர் வர மறுத்தாலும் நீங்கள் கூப்பிட்டுப் பேசுங்கள்.

21 நாள் செஞ்சா எதுவும் பழக்கமாயிடுமாமே?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்துப் பார்த்தார். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணக்கிட்டார். நடுவாக 66. இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

என் பையன் எட்டாவது. 'எனக்கு கணக்கு வராது'ன்னு புத்தகத்தையே தொடமாட்டேங்கிறான். அவங்கப்பா சிரிச்சுக்கிட்டே 'நம்ம வம்சத்துக்கே வராது'ங்கிறார்.

முதலில் அப்பாவின் சிரிப்பை நிறுத்துங்கள். பையனுக்கு அது வேடிக்கை இல்லை, குடும்பச் சொத்தாகக் கிடைத்த தீர்ப்பு.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் பாம்புக்கு அஞ்சுகிறவர்களோடு வேலை செய்தவர். அடுத்தவர் பாம்பைத் தொடுவதை வெறுமனே பார்த்தவர்களுக்குப் பயம் ஓரளவு குறைந்தது. கூட ஒருவர் நின்று, முதலில் கையுறையோடு, பிறகு வெறும் கையோடு, தானே தொட்டவர்களுக்குத்தான் அதிகம் குறைந்தது. "என்னால் முடியும்" என்ற எண்ணம் பெரும்பாலும் செய்து முடித்த காரியத்திலிருந்துதான் பிறக்கிறது.

பையனுக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பின்னத்திலிருந்து, அவனால் நிச்சயம் போட முடிகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். சரியாகப் போட்டதும் "புத்திசாலி" என்று சொல்லவேண்டாம், "எப்படிப் போட்டே, எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள்.

எனக்குள்ள என்ன நம்பிக்கை இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது அக்கா?

செய்ய நினைத்து நழுவுகிறீர்களே, அந்த நொடிக்கு முன்னால் மனதில் என்ன வாக்கியம் ஓடியது என்று பிடியுங்கள்.

எனக்கு 34 வயதுவரை ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது. மூன்று முறை ஓட்டுநர் பயிற்சிக்குப் பணம் கட்டிப் போகாமல் இருந்திருக்கிறேன். வேலை, வெயில், முதுகுவலி என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். ஒருநாள் சாவியை எடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டும்போது காதில் கேட்டது என் பாட்டியின் குரல்: "நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு வண்டி ஆகாதுடி." என் அத்தை சைக்கிளில் விழுந்து கால் உடைந்த வருடம் அவள் சொன்னது. எனக்கு அப்போது ஆறு வயது.

அன்று நான் வண்டி ஓட்டவில்லை. வெளியே தள்ளிக்கொண்டு போய், ஸ்டாண்ட் போட்டு, மேலே ஏறிச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுநாள் எஞ்சினை மட்டும் போட்டேன். தெருமுனை பால் பூத் வரை போய்வர எனக்கு ஒன்பது நாள் ஆனது.