கத்தோலிக்கர்கள் புனிதர்களையும் கடவுளாகத்தான் வழிபடுகிறார்களா? ஜெபத்தில் என்ன வேறுபாடு?

இல்லை. ஆனால் கேள்வி நியாயமானது. நாகர்கோவிலிலுள்ள கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில் தேருக்குப் பின்னால் தரையில் உருண்டு நேர்ச்சை செலுத்துகிறவர்களைப் பார்க்கும் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். நான் கத்தோலிக்கன், என் பதில் இதுதான்: உடல் செய்வதை வைத்து முடிவு கட்டாதீர்கள், வாய் கேட்பதைக் கவனியுங்கள்.

புனிதர்களின் மன்றாட்டுமாலையை, அதாவது பெயர் பெயராக விளித்து வேண்டும் ஜெபத்தை, ஒருமுறை கேளுங்கள். கடவுளை விளிக்கும்போது “எங்கள்மேல் இரக்கமாயிரும்” என்கிறோம். மரியா, சூசையப்பர், இராயப்பர் (பேதுரு) என்று பெயர்கள் தொடங்கியதும் பதில் மாறிவிடுகிறது: “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.” இரக்கம் காட்டுவது கடவுள், புனிதர் நம்மோடு சேர்ந்து மன்றாடுகிறவர். ஜெபமாலையில் திரும்பத் திரும்பச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபத்தின் பின்பாதியும் “வேண்டிக்கொள்ளும்” என்றே முடிகிறது.

இன்னும் உறுதியான அடையாளம் திருப்பலி (பூசை). டிசம்பர் 3 அன்று சவேரியார் பெயரால் விழாத் திருப்பலி நடக்கும். பலி ஒப்புக்கொடுக்கப்படுவதோ கிறிஸ்து வழியாகத் தந்தையாகிய கடவுளுக்கு மட்டும். மறைசாட்சிகளுக்கு (நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு) நாங்கள் பீடம் எழுப்புவதில்லை, அவர்களுடைய கடவுளுக்கே எழுப்புகிறோம் என்ற பொருளில் ஆதித் திருச்சபையின் ஆயரான புனித அகுஸ்தினார் அந்தக் காலத்திலேயே பதில் எழுதியிருக்கிறார். ஆராதனை கடவுளுக்கே உரியது, படங்களுக்குச் செலுத்துவது வணக்கம் மட்டுமே என்று 787இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கமும் தெளிவுபடுத்தியது.

அதே கோட்டாறு கோயிலில்தான் தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கைக்காக 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வந்து வேண்டினார்கள். ஆனாலும் 2012இல் புனிதர் நிலைக்கு முந்தைய அருளாளர் பட்டம் கிடைக்கும்வரை அவருக்குப் பொது வணக்கம் செலுத்தத் திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. பிறகு ஓர் அற்புதத்தை ஆராய்ந்து ஏற்று, 2022இல் புனிதர் என்று அறிவித்தார்கள். அந்த அற்புதத்தைச் செய்தவராகத் திருச்சபை சொல்வதும் கடவுளைத்தான். தேவசகாயம் பரிந்து பேசினார், அவ்வளவே. விசாரணை நடத்தி, சாட்சியம் கேட்டு, கோப்பில் கையெழுத்திட்டு ஒருவரைக் கடவுளாக்க முடியுமா, சொல்லுங்கள்!

நடைமுறை இவ்வளவு சுத்தமாக இல்லை என்பதும் உண்மை. கிறிஸ்துவின் திருவுடலான நற்கருணையை வைத்திருக்கும் பேழையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அந்தோணியார் சுரூபத்துக்குப் போகிறவர்கள் எல்லாப் பங்கிலும் உண்டு. வேலை கிடைத்தால் இத்தனை மெழுகுவர்த்தி என்று பேரம் பேசுகிறவர்களும் உண்டு. எனக்கு அது உறுத்தும். மறைக்கல்வியை முதல் நற்கருணையோடு முடித்துவிடுகிற நம் பழக்கத்தையே நான் குறை சொல்வேன்.

பெந்தெகொஸ்தே நண்பர்கள் 1 திமொத்தேயு 2:5ஐக் காட்டி, கிறிஸ்து ஒருவரே இடைநிலையாளர் என்பார்கள். நாங்களும் அதை நம்புகிறோம். “எனக்காக ஜெபியுங்கள்” என்று அவர்கள் பாஸ்டரிடம் கேட்பதில்லையா? இறந்தவரிடம் அப்படிக் கேட்கலாமா என்பதில்தான் உண்மையான கருத்து வேறுபாடு. கிறிஸ்துவுக்குள் இறந்தவர்கள் திருச்சபையிலிருந்து அறுந்து போவதில்லை என்பது எங்கள் நம்பிக்கை. திருவெளிப்பாடு 5:8இல் விண்ணக மூப்பர்கள் இறைமக்களின் வேண்டுதல்களைப் பொற்கிண்ணங்களில் ஏந்தியிருக்கும் காட்சியை அதற்குச் சான்றாகக் காட்டுவோம். அவர்கள் அதை வேறு விதமாக வாசிப்பார்கள்.