மின்சார கார் பேட்டரி தயாரிப்பதால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு?

மின்சார கார் ஒரு கிலோமீட்டர்கூட ஓடுவதற்கு முன்பே, அதைத் தயாரித்த கணக்கில் மட்டும், அதே அளவு பெட்ரோல் காரைவிட அதிகக் கார்பன் வெளியாகியிருக்கும். இதைத்தான் கார்பன் கடன் என்கிறார்கள். முக்கியக் காரணம் பேட்டரி.

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் நிலத்தடி உப்புநீரை இறைத்து, பரந்த பாத்திகளில் ஓராண்டுக்கும் மேல் வெயிலில் காயவிட்டு, பேட்டரிக்கு வேண்டிய லித்தியம் என்ற உலோகத்தை எடுக்கிறார்கள். மழை அரிதான இடம். ஆவியான நீர் போனது போனதுதான். பல பேட்டரிகளில் சேரும் இன்னொரு உலோகமான கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ சுரங்கங்களிலிருந்து வருகிறது. (கோபால்ட்டே இல்லாத எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிகள் பரவிவருவது நல்ல சேதி.) அப்புறம் தொழிற்சாலை: மின்முனைகளை உலர்த்தும் நீண்ட அடுப்புகள், ஈரப்பசை இல்லாத அறைகள் எல்லாம் மின்சாரத்தை விழுங்கும். அது நிலக்கரி மின்சாரம் என்றால் கடன் இன்னும் ஏறும்.

இந்தக் கடனும் தையல் மெஷின் வாங்குவதுபோலத்தான். முதலில் கையைக் கடிக்கும், தைக்கத் தைக்க ஈடாகும்.

'அப்படியானால் பெட்ரோல் காரே தேவலை' என்பது சரியல்ல. பெட்ரோல் கார் ஓடும் காலமெல்லாம் புகைவிடும், மின்சார காரோ பெரும்பாலான நாடுகளில் சில ஆண்டு ஓட்டத்திலேயே அந்தக் கடனை அடைத்துவிடும்.