கஞ்சியா, கோழி சூப்பா?

கேள்வி: கோவாவில் போர்த்துகீசிய மொழியில் எழுதப்பட்டு மறந்துபோன கதைகளை ஓர் அறிஞர் ஆங்கிலத்தில் பெயர்த்திருக்கிறாராம். கோவாவை ஆண்டவர்களின் மொழியில், அவர்களுக்காக எழுதியதைத் தோண்டி நமக்கு என்ன ஆகப் போகிறது? வேண்டுமென்றால் ஆங்கிலத்திலிருந்து ஒரே மாதத்தில் தமிழாக்கிவிடலாமே!
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: அவர்களுக்காக எழுதியது என்று யார் சொன்னது? 1866இல் 'ஓஸ் பிரமானெஸ்' நாவலை எழுதிய பிரான்சிஸ்கோ லூயிஸ் கோமஸ் கோவாவின் நாவேலிமில் பிறந்தவர். 1963இல் 'மொன்சாவ்' (பருவமழை) சிறுகதைத் தொகுப்பைத் தந்த விமலா தேவி கோவாக்காரர். 1920களில் ஜோசே த சில்வா கொயெல்யோவின் கதைகள் வந்தது கோவா நாளேட்டில், படித்ததும் கோவாக்காரர்கள்தான். எழுதியவர்களில் பெரும்பாலோர் நிலமும் படிப்பும் உள்ள மேல்சாதிக் கத்தோலிக்கர்கள். அதை மறைக்க வேண்டியதில்லை, அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1961 டிசம்பர் 19இல் கோவா இந்தியாவோடு சேர்ந்த பிறகு பள்ளியில் ஆங்கிலம் வந்தது, வாசகர்கள் கரைந்தார்கள். 1900இல் தொடங்கிய 'ஓ எரால்டோ' நாளேடே 1983இல் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. கதைகள் மறக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான், தரக்குறைவு அல்ல.

நீங்கள் குறிப்பிடும் அறிஞர் பால் மெலோ எ காஸ்ட்ரோ. அவர் பெயர்த்த கதைகள் 2016இல் இரண்டு தொகுதிகளாக வந்தன. அதை வைத்து ஒரு மாதத்தில் முடிக்கலாம் என்கிறீர்கள். முடிக்கலாம், தப்பும் தவறுமாக.

'கஞ்சா' (canja; போதைப் பொருள் அல்ல, நம் கஞ்சிதான்) என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். நம் பக்கத்திலிருந்து போய்ப் போர்த்துகீசியத்தில் சேர்ந்தது. இன்றைய லிஸ்பன் அகராதியில் அது அரிசி போட்ட கோழி சூப். வயலில் வேலை செய்கிறவர் மதியத்துக்கு முன் குடிக்கும் கஞ்சியை அகராதியை நம்பிக் கோழி சூப்பாக்கினால் கூலிக்காரர் வீடு பண்ணையார் வீடாகிவிடும். இதற்கு தால்காதோ தொகுத்த லூசோ-ஆசிய (போர்த்துகீசிய-ஆசிய) சொற்களஞ்சியம் (1919, 1921, இரண்டு தொகுதி) கையில் இருந்தே ஆக வேண்டும்.

'முண்ட்கார்' இன்னும் கடினம். குத்தகைதாரர் என்று போட்டுவிடத் தோன்றும், ஆனால் அவர் வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் இல்லை. பாட்காரின் (நிலக்காரரின்) தோப்பில் வீடு கட்டிக் குடியிருப்பவர். தோப்பைக் காப்பார், கூப்பிட்ட வேலைக்கு வருவார், வெளியேறு என்றால் போக வேண்டியவர். 1975இல்தான் இவர்களை வெளியேற்றாமல் காக்கச் சட்டம் வந்தது. கேரளத்தில் பிறர் நிலத்தில் குடிசை போட்டு இருக்கும் குடிகிடப்புக்காரர் ஓரளவு பொருந்துவார். என் யோசனை: முண்ட்கார் என்றே வைத்து, முதல் முறை வரும் இடத்தில் கதையோட்டத்திலேயே விளங்க வையுங்கள். அடிக்குறிப்பு வேண்டாம்.

மூலத்துக்கே போகிறவர் போர்த்துகீசிய மொழியின் 1911 எழுத்துச் சீர்திருத்தத்தை மறக்கக் கூடாது. அதற்கு முன் 'பார்மசி' போன்ற சொற்களைப் பழைய கிரேக்க முறையில் (f-க்குப் பதில் ph), வேறு பலவற்றை இரட்டை மெய் போட்டு எழுதினார்கள்; புது அகராதியில் தேடினால் கிடைக்காது. முதலில் அச்சில் உள்ளபடியே, எழுத்துப்பிழை உட்பட, படியெடுங்கள். திருத்தம் தனிப் பிரதியில். தொடர்கதையில் ஓர் இதழ் கிடைக்கவில்லையென்றால் அங்கே இடைவெளி விட்டுத் தேதியைப் போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

பதிப்புரிமையையும் பாருங்கள். இந்தியச் சட்டப்படி அது ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை. யாரென்றே தெரியாத புனைபெயர் என்றால் வெளிவந்ததிலிருந்து 60. ஆங்கிலம் வழியாக வருவதானால், மூல ஆசிரியரின் உரிமை முடிந்திருந்தாலும் ஆங்கிலத்தில் பெயர்த்தவருக்கு நீங்கள் கடிதம் எழுதி அனுமதி வாங்கியாக வேண்டும்.