கார்ட்டூனில் வெட்ட என்ன இருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

என் மகன் கேப் டவுனில் அனிமேஷன் படிப்பை முடிக்கப் போகிறான். நன்றாக வரைவான். இப்போது திடீரென்று எடிட்டராகப் போகிறேன் என்கிறான். “கார்ட்டூனில் எல்லாம் திட்டம் போட்டுத்தானே வரைகிறார்கள், வெட்டுவதற்கு என்ன இருக்கிறது?” என்று அவன் சித்தப்பா கேட்கிறார். நீங்கள் அந்த வேலையில் இருந்தவர். நம்பி விடலாமா?

ச., சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள அக்கா,

சித்தப்பா சொல்வது பாதி சரி. கேமராவில் எடுக்கும் படத்தில் ஒரே காட்சியைப் பல கோணத்தில் எடுத்து எடிட்டர் தலையில் கட்டுவார்கள். அனிமேஷனில் அது நடக்காது. விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள்; ஒரு அனிமேட்டர் வாரம் முழுக்க உட்கார்ந்தாலும் சில விநாடிகள்தான் தேறும். அதைத் தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்? அதனால் வெட்டுகிற வேலையை முன்னாடியே முடித்துவிடுகிறார்கள்.

கதையைக் காட்சி காட்சியாக வரைந்துவைத்த ஸ்டோரிபோர்டு படங்களை எடிட்டர் வரிசையாக அடுக்கி, ஆபீஸில் இருப்பவர்களையே பேசவைத்து, தற்காலிகமாக இசையும் சத்தமும் சேர்த்து ஓட்டிக் காட்டுவார். இதுதான் அனிமேட்டிக். சிரிக்க வேண்டிய இடத்தில் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லையா, பிரித்துப் போட்டு மறுபடி அடுக்க வேண்டும். முழுநீளப் படமென்றால் வருஷக்கணக்கில் இதே வேலை. பாதிக் கதையை அங்கேதான் எழுதுகிறார்கள் என்பேன்.

ஒரு குருவிக் குஞ்சு “நான் வரமாட்டேன்” என்று சொல்ல வேண்டும். நடிகர் பேசிய முதல் டேக்கில் ‘நான்’ நன்றாக இருக்கும், நாலாவதில் ‘வரமாட்டேன்’. இரண்டையும் ஒட்டி, நடுவில் எட்டு ஃப்ரேம் மௌனம் வைத்தால் குஞ்சு பயப்படுகிறது. மௌனத்தை எடுத்துவிட்டால் அடம் பிடிக்கிறது. விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். அனிமேட்டர் அதைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை எங்கே சிமிட்ட வைப்பது என்று முடிவுசெய்வார்.

லீ அன்க்ரிச் 1995இல் வந்த டாய் ஸ்டோரி என்ற அனிமேஷன் படத்தின் எடிட்டர்களில் ஒருவர். பிறகு அதே வரிசையின் மூன்றாம் படத்தையும் (2010), கோகோவையும் (2017) இயக்கினார். இரண்டுக்கும் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. இத்தனைக்கும் முழு அனிமேஷன் படம் எதுவும் எடிட்டிங் ஆஸ்கருக்கு ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்பட்டதில்லை. வெட்டியது தெரியாவிட்டால் வேலையே நடக்கவில்லை என்று நினைப்பவர் உங்கள் வீட்டுச் சித்தப்பா மட்டும் இல்லை.

சரி, நம் ஊர் நிலவரம். டர்பனில் இந்த வேலைக்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. கேப் டவுனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோதான் இருக்க வேண்டும். கேப் டவுனின் டிரிகர்ஃபிஷ் என்ற அனிமேஷன் ஸ்டுடியோ 1996இல் தொடங்கியது. ஸாம்பேசியா, கும்பா என்று சொந்தமாகவே முழுநீளப் படங்கள் எடுத்தது. அப்படிச் சொந்தப் படம் எடுக்கும் இடத்தில்தான் எடிட்டருக்கு முழு வேலை. வெளிநாட்டுக்காரருக்குச் செய்துகொடுக்கும் வேலையில் பெரும்பாலும் அனிமேட்டிக் அங்கேயே முடிந்து வந்துவிடும்; இங்கே ஷாட்டை மட்டும் செய்து அனுப்புவார்கள். பையன் எங்கே சேர்ந்தாலும் முதலில் இதைக் கேட்கட்டும்.

உதவி எடிட்டராகத்தான் தொடங்குவான். புதிதாக வரும் ஒவ்வொரு ஷாட்டையும் பழையது இருந்த இடத்தில் மாற்றிவைத்து, எது எந்தப் பதிப்பு என்று கணக்கு வைத்திருக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இயக்குநர் வாக்குவாதம் செய்யும் அறையில் உட்கார இடம் கிடைக்கும். அது பள்ளியில் கிடைக்காது. அப்புறம், நன்றாக வரைகிறவனுக்கு ஒரு சங்கடம்: அழகான படத்தைத் தூக்கிப் போடக் கை வராது. நண்பனின் ஸ்டோரிபோர்டை வாங்கி மூன்று நிமிடக் கதையை ஒன்றரை நிமிடமாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் அவனுக்குச் சந்தோஷம் வந்தால் தாராளமாக விடலாம்.

பெரும்பாலும் ஒப்பந்த வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் முடிந்து அடுத்தது வரும்வரை சம்பளம் இருக்காது. அந்த மாதங்களில் அவன் அறை வாடகையை யார் கட்டுவது என்று சித்தப்பாவையும் உட்காரவைத்து இப்போதே பேசிவிடுங்கள்.