தற்குறி என்றால் யார்?

கேள்வி: ஃபேஸ்புக்கில் எந்தச் சண்டையைப் பார்த்தாலும் ஒருவரை ஒருவர் 'தர்குறி' என்று திட்டிக்கொள்கிறார்கள். முட்டாள் என்றுதான் அர்த்தமா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் எழுத்தைச் சரி செய்துவிடலாம், அது 'தற்குறி', வல்லின ற. தன் + குறி என்று பிரியும். தன் என்பதற்குப் பின்னால் க வந்தால் ன் ற் ஆகிவிடும், தற்கொலை, தற்காப்பு எல்லாம் அப்படி வந்தவைதான்.

இன்றைக்கு முட்டாள், விவரமில்லாதவன் என்ற பொருளில்தான் வீசுகிறார்கள். ஆனால் சொல்லுக்குள் முட்டாள்தனம் எதுவும் கிடையாது. பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், எழுதத் தெரியாதவர் தனக்கு அடையாளமாக ஒரு கோடோ கீறலோ போடுவார், பக்கத்தில் எழுதத் தெரிந்த ஒருவர் இது இன்னாருடைய குறிதான் என்று எழுதிச் சாட்சி சொல்வார். அந்தக் கீறல்தான் தற்குறி. பழைய கல்வெட்டுகளிலும் இந்தச் சொல் வருகிறது. குறிக்கு இருந்த பெயர் அப்புறம் குறி போட்ட ஆளுக்கே ஆகிவிட்டது. கைநாட்டுக்கும் இதே கதிதான், பெருவிரலில் மை தடவிப் பதிப்பதற்குப் பெயர் அது, இப்போது 'அவன் ஒரு கைநாட்டு' என்று ஆளையே சொல்கிறோம்.

எனக்கு இந்த வசை பிடிப்பதே இல்லை. 1951 கணக்கெடுப்பின்போது நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான், மற்ற எல்லோரும் தற்குறிகள். என் அப்பத்தாவும் அதில் ஒருவர். தன் பெயரை எழுத வராது, ஆனால் எந்த வயலுக்கு எத்தனை மரக்கால் விதை என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார், வட்டிக் கணக்கை விரல்விட்டே முடிப்பார். பள்ளிக்கூடத்துக்கு அவரை யாரும் அனுப்பவில்லை, அதுதான் காரணம். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது கல் உடைக்கிற பெண்கள்கூட வந்து உட்கார்ந்து எழுதக் கற்றார்கள், கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள்.

வள்ளுவரும் கல்லாமைக்கு ஒரு அதிகாரம், பேதைமைக்கு வேறு அதிகாரம் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார். அறிவில்லாதவரைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் அறிவிலி, பேதை, மூடன் என்று நம்மிடம் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன.