ஹைப்ரிட் பிக்கப்: ஸ்டிக்கரில் 42, ரோட்டில் எவ்வளவு? – வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் ஹைப்ரிட் பிக்கப், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த, பின்னால் திறந்த சரக்குத் தொட்டியுள்ள வண்டி பற்றி எழுதிய கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். மைலேஜ் எல்லாமே ஒரு கேலனுக்கு இத்தனை மைல் என்ற கணக்கில்.

கேள்வி: 2023 ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிட் வைத்திருக்கிறேன். விளம்பரத்தில் 42 மைல் என்று போட்டிருந்தார்கள். எனக்கு 31, 32-ஐத் தாண்டவில்லை. வேலைக்குப் போக 35 மைல், வர 35 மைல். எல்லாமே டோல் ரோடு, மணிக்கு 78 மைல் வேகத்தில் போவேன். டீலரைக் கேட்டால் "ஓட ஓட ஏறும்" என்கிறார். வண்டியில் கோளாறா?
– ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. 42 என்பது ஊருக்குள் ஓட்டும் கணக்கு. புது வண்டியின் ஜன்னலில் ஒட்டியிருக்கும் மைலேஜ் ஸ்டிக்கரில் அதோடு ஹைவேக்கு 33 என்றும், இரண்டும் சேர்ந்தால் 37 என்றும் அச்சடித்திருக்கும். விளம்பரம் போட்டவர் மூன்றில் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார். இந்த மாதிரி விளம்பரங்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பொய் என்று சொல்லவும் முடியாது, அதை நம்பி வாங்கியவர் ஏமாறாமல் இருக்கவும் முடியாது.

சாதாரண பெட்ரோல் வண்டியில் ஊருக்குள் மைலேஜ் குறையும், ஹைவேயில் கூடும். அந்தப் பழக்கத்தில், "ஊருக்குள்ளேயே 42 என்றால் ஹைவேயில் 45-ஆவது வராதா" என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். ஹைப்ரிட்டில் இது தலைகீழ். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து பேட்டரியில் சேர்த்து, அடுத்த சிக்னலில் கிளம்ப அதையே செலவழிப்பதுதான் அதன் சூட்சுமம். டோல் ரோட்டில் ஒரே வேகத்தில் போகிற உங்களுக்குப் பிரேக் எங்கே, சிக்னல் எங்கே? மேவரிக்கின் பேட்டரி 1.1 கிலோவாட்-மணி மட்டுமே. நீண்ட ஓட்டத்தில் இன்ஜின்தான் வண்டியைத் தள்ளியாக வேண்டும். அதுவும் பிக்கப்பின் சதுர உடம்பை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 65-ல் போவதைவிட 78-ல் போகும்போது அது சுமார் 44 சதவீதம் அதிகம்.

அப்புறம், இ.பி.ஏ. என்கிற மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடத்தும் ஹைவே சோதனையின் சராசரி வேகம் 48 மைல், உச்சம் 60. வேகமான ஓட்டம், ஏசி, குளிர் ஆகியவற்றையும் 2008 மாடலிலிருந்து கணக்கில் சேர்த்தார்கள் என்றாலும், நாள் முழுக்க 78-ல் போகிறவருக்காகப் போட்ட எண் இல்லை அது. "ஓட ஓட ஏறும்" என்று டீலர் சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 68-க்கு இறக்கிப் பாருங்கள், அடுத்த டேங்கிலேயே வித்தியாசம் தெரியும்.

ஸ்டிக்கரே தப்பாக இருந்தால் கதை வேறு. 2013-ல் சி-மேக்ஸ் ஹைப்ரிட் என்ற தன் காரின் எண்ணை ஃபோர்டு 47-லிருந்து 43-க்கு இறக்கியது. வாங்கியவர்களுக்கு 550 டாலர் தந்தது. உங்கள் விஷயம் அந்த வகை இல்லை.

கேள்வி: பிரீமியம் பெட்ரோல் போட்டால் மேவரிக் ஹைப்ரிட்டில் மைலேஜ் கூடுமா?
– எடிசன், நியூ ஜெர்சி

பதில்: கூடாது. 87 ஆக்டேன் உள்ள சாதாரண பெட்ரோல் போதும். வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: அண்ணா, கோடையில் 37 வந்த என் ஹைப்ரிட் வண்டி ஜனவரியில் 27-க்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்து ரயில் நிலையம் 3 மைல், அதற்குத்தான் வண்டி. சர்வீஸில் பேட்டரி சோதனைக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– நேப்பர்வில், இல்லினாய்

பதில்: கட்டாதே தம்பி. குளிர் 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கி, ஓட்டமும் மூன்று நான்கு மைலாக இருந்தால், ஹைப்ரிட்டின் மைலேஜ் 30 முதல் 34 சதவீதம் வரை விழலாம் என்று எரிசக்தித் துறையே சொல்கிறது. உனக்கு விழுந்தது 27 சதவீதம். உள்ளே வெப்பம் வேண்டும் என்பதால், நிற்கும்போது அணைய வேண்டிய இன்ஜின் அணையாமல் ஓடுகிறது. அது சூடாகி முடிப்பதற்குள் நீ ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறாய். சீட் ஹீட்டர் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு கேபின் ஹீட்டரைக் குறை. டயர் காற்றைப் பார், குளிரில் இறங்கியிருக்கும். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாதபோது சோதனை எதற்கு? ஹைப்ரிட் பேட்டரிக்கு ஃபோர்டு 8 வருடம் அல்லது 1,00,000 மைல் வாரண்டி தருகிறது.

கேள்வி: பயன்படுத்திய 2024 மேவரிக் இரண்டு பார்த்தேன். ஹைப்ரிட்டுக்கு 1,500 டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள். வருடம் 12,000 மைல் ஓட்டுவேன். போட்ட காசு திரும்புமா?
– கேரி, வட கரோலினா

பதில்: எந்த ரோடு என்று எழுதவில்லையே! கலந்து ஓட்டினால் ஹைப்ரிட் 37, ஹைப்ரிட் இல்லாத, முன்சக்கர இழுவையுள்ள டர்போ பெட்ரோல் வண்டி 26. வருடத்துக்கு 324 கேலனும் 462 கேலனும். கேலன் 3 டாலர் என்று வைத்தால் 414 டாலர் மிச்சம், மூன்றரை வருடத்துக்குச் சற்று மேல் போனால் காசு திரும்பிவிடும். முழுக்க ஹைவே என்றால் 33-க்கு 30. மிச்சம் வருடத்துக்கு 110 டாலர்கூட வராது, 1,500 திரும்பப் பதிமூன்று பதினான்கு வருடம் ஆகும். ஒரு வாரம் நீங்கள் எங்கெல்லாம் ஓட்டுகிறீர்கள் என்று குறித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: டொயோட்டா டண்ட்ரா ஹைப்ரிட், நான்கு சக்கர இழுவை, போன வாரம் எடுத்தேன். ஹைப்ரிட் என்பதால் 35-ஆவது வரும் என்று நினைத்தேன். 18 வருகிறது. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும்தான் ஓட்டுகிறோம். மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்கிறார்களே?
– அட்லாண்டா, ஜார்ஜியா

பதில்: தர முடியாது. அந்த மூன்று நாள் விதி டீலரின் சொந்த ஷோரூமில் வாங்கிய காருக்குப் பொருந்தாது.

ஊருக்குள் 19, ஹைவேயில் 22, சேர்ந்து 20 என்று ஜன்னலில் ஒட்டியிருந்ததைப் படிக்காமலா அவ்வளவு பெரிய லோனில் கையெழுத்துப் போட்டீர்கள்? 437 குதிரைத்திறன் வண்டி அது. அதில் மின்மோட்டாரைச் சேர்த்தது பெரிய டிரெய்லரை இழுக்கத்தான். சாதா டண்ட்ராவைவிட ஒன்றிரண்டு மைல்தான் கூட வரும். இழுக்க ஒன்றுமே இல்லாத வீட்டுக்கு இந்த வண்டி தேவையே இல்லை. சீக்கிரம் விற்றுவிடுவது நல்லது.

கேள்வி: ஃபோர்டு எஃப்-150 ஹைப்ரிட் பிக்கப்புக்குக் கொஞ்சம் பெரிய ஆல்-டெரெய்ன் (கரடுமுரடான பாதைக்கான) டயர் போட்டேன். மைலேஜ் 3 குறைந்துவிட்டது.
– டென்வர், கொலராடோ

பதில்: குறையத்தான் செய்யும். கனமும் உருளும் தடையும் கூடிவிட்டன. "மைலேஜ் மாறாது சார்" என்று சொல்லி எனக்கும் ஒரு கடைக்காரர் இப்படி ஒரு செட் விற்றார். மைலேஜ் இறங்கியது, இரைச்சல் ஏறியது, தேயும்வரை கூடுதல் பெட்ரோலுக்கு அழுதேன். ஆனால் உங்கள் குறைவில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை. டயர் பெரிதானால் சக்கரம் குறைவான சுற்றில் அதே தூரத்தைக் கடக்கும், ஓடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். போனில் ஜிபிஎஸ் வைத்து ஒரு நீண்ட ஓட்டத்தில் ஒப்பிடுங்கள். டாஷ்போர்டு காட்டும் சராசரியை விட்டுவிட்டு, ஒரே பம்பில், அது தானாக நிற்கும் முதல் கிளிக் வரை நிரப்பி, மூன்று நான்கு டேங்குக்குக் கணக்கெடுங்கள்.

கேள்வி: ஐயா, எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. மகன் வெளியூரில் இருந்தபோது பிக்கப் வாங்கினேன். "மைலேஜ் தொகுப்பு" என்று டயரில் நைட்ரஜனும், வண்டியில் செருகும் பெட்ரோல் சேமிப்புக் கருவியும் சேர்த்து 1,295 டாலரை லோனில் ஏற்றிவிட்டார்கள். மகன் பார்த்துவிட்டுத் திட்டுகிறான்.
– ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பதில்: உங்கள் மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: தப்பு அப்பாவுடையது இல்லை. வண்டி வாங்கிய களைப்பில் இருப்பவர் முன்னால் தாள் கட்டை வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டுகிறவர்கள் செய்த தப்பு.

நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கருவியைப் பொறுத்தவரை, இ.பி.ஏ. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட பொருள்களைச் சோதித்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டியது என்று ஒன்றுகூடத் தேறவில்லை.

கலிபோர்னியாவில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. ஸ்பானிஷ், சீனம், டகாலோக், வியட்நாமிய மொழி, கொரிய மொழி ஆகியவற்றில் பேரம் பேசினால், ஒப்பந்தத்தையும் அந்த மொழியில் தர வேண்டும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது செய்ய வேண்டியது: அந்த 1,295 எதற்கெல்லாம் என்று தனித்தனியாகப் பிரித்து எழுத்தில் கேளுங்கள். கருவியைத் திருப்பித் தருவதாகவும், தொகுப்பை ரத்து செய்து பணத்தை லோன் பாக்கியில் கழிக்க வேண்டும் என்றும் டீலரின் பொது மேலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். நகல் லோன் கொடுத்த வங்கிக்கும் போகட்டும். மறுத்தால் மாநில அட்டர்னி ஜெனரலிடமும் மத்திய வர்த்தக ஆணையத்திடமும் புகார் கொடுங்கள், இரண்டும் இலவசம். ஒப்பந்தத்தின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள் ஐயா, ஆங்கிலக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.