தேரிக்காடு முதல் உடன்குடி வரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு திருச்செந்தூர் வருகிறோம். சாமி கும்பிட்ட பிறகு தேரிக்காடு, மணப்பாடு, கூந்தன்குளம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் அம்மா. செம்மணல் மேடான தேரிக்கும் கூந்தன்குளத்துப் பறவைகளுக்கும் ஏற்ற நேரம் ஒன்றுதான்: விடிந்து இரண்டு, மூன்று மணி நேரம். அதை விட்டால் மாலை நாலு மணிக்கு மேல். ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று கைவிட்டுப் போகும். முதல் நாள் காலை காயாமொழிப் பக்கம் குதிரைமொழித் தேரி, மாலை கடற்கரை ஊரான மணப்பாடு, மறுநாள் விடியற்காலையில் கிளம்பிக் கூந்தன்குளம். அங்கிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக நெல்லைக்குப் போய்விடலாம்.

காரைத் தார்ச்சாலை ஓரத்திலேயே நிறுத்துங்கள். தேரி மண் மேலுக்கு இறுகினாற்போலத் தெரியும், உள்ளே போனதும் சக்கரம் புதையும். புதைந்தபின் ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு இறங்குமே தவிர வண்டி நகராது. டயரில் காற்றைக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் மண்ணைக் கையால் தள்ளிவிட்டு, காய்ந்த பனமட்டையைப் போட்டு மெதுவாக எடுக்க வேண்டும். நடப்பதற்குச் செருப்பு உதவாது. உடைமுள் தைக்கும், பத்து மணிக்கு மேல் மண் கொதிக்கும். பாதத்தை மூடிய ஷூ, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். பெரும்பகுதி காப்புக்காடு என்பதால் வனத்துறையினர் சொல்லும் எல்லையைத் தாண்டாதீர்கள்.

குழந்தைகளை ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் தேய்க்கச் சொல்லுங்கள். ரேகைகளில் செம்பொடி ஒட்டும். மணலின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அது. அடியில் இருப்பவை பெரும்பாலும் நிறமில்லாத குவார்ட்ஸ் மணிகள். இடையிடையே கறுப்பாக மினுங்குவது இல்மனைட் என்ற கனிமம். ஆனி, ஆடிக் காற்றில் இந்த மணல் இடம் பெயரும். அப்போது வந்தால் நம் காலடித் தடமே சற்று நேரத்தில் மறைந்துவிடும், வழி தவறுவது அப்படித்தான்.

கூந்தன்குளம் 1994இல் சரணாலயமானது, 2022இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டும். அவற்றுக்காகத் தீபாவளிக்கும் வெடி போடாத ஊர் அது; அங்கே போய் ஹாரன் அடிக்காதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைத் தை மாதத்தில் பார்க்கலாம். ஆனால் எல்லாம் குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது. மழை பொய்த்து மணிமுத்தாறு கால்வாயிலும் தண்ணீர் வராத ஆண்டில் பறவை குறைந்துவிடும். கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மணப்பாட்டில் கடலில் குளிக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் இறங்கவே கூடாது. மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்று பள்ளமாக இருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்குமே வேண்டாம். மற்ற நாளிலும் வலை உலர்த்துகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகிய பிறகே திரும்ப வேண்டும்.

கேள்வி: திருச்செந்தூர் நாழிக்கிணறு கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லையே, எப்படி?
– வாசகர், தென்காசி

பதில்: பக்தர்களுக்கு அது முருகன் வேலால் உண்டாக்கிய தீர்த்தம். மண்ணின் கணக்கையும் சொல்கிறேன். மழைநீர் மணலில் நேராக இறங்கிவிடுகிறது. உப்புநீரைவிட நல்ல தண்ணீர் எடை குறைந்தது. ஆகவே கலக்காமல் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள்: ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரால் உறிஞ்சி மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏற இடம் கொடுக்கிறோம். கடலோர ஊர்களில் தென்னையும் வாழையும் கருகுவதற்கு இது ஒரு காரணம். தேரி மணலை அள்ளக் கூடாது என்று ஊர்க்காரர்கள் சண்டை பிடிப்பதும் இதனால்தான். மழையைக் குடித்து வைத்திருக்கும் தொட்டி அந்த மணல். தங்கும் விடுதியில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கும்போது இது நினைவிருக்கட்டும்.

கேள்வி: உடன்குடியில் நல்ல கருப்பட்டி பார்த்து வாங்குவது எப்படி? பதநீரும் கிடைக்குமா?
– வாசகி, சென்னை

பதில்: தை மாதம் வந்தால் பனங்கிழங்குதான். பதநீர் மாசிக்கு மேல். பங்குனி, சித்திரையில் நிறையக் கிடைக்கும். காலை எட்டு மணிக்குள் குடித்துவிடுங்கள். கலயத்தில் தடவும் சுண்ணாம்புதான் புளிப்பைத் தடுக்கிறது. சுண்ணாம்பு கூடினால் நாக்கு கரகரக்கும், குறைந்தால் நுரைத்துக் கள்ளாகும்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் காய்ச்ச வேண்டும். பனையேறியின் கூலி, விறகு எல்லாம் சேர்த்தால் சீனி விலையை ஒட்டிக் கொடுக்கவே முடியாது. அந்த விலைக்கு விற்றால் சீனிப்பாகு கலந்தது. உடைத்துப் பாருங்கள். நல்லதில் உடைந்த இடம் மங்கிய பழுப்பாக இருக்கும், கலப்படத்தில் சீனிக்கட்டி போல மினுக்கும். தண்ணீரில் போட்டால் நல்லது நிதானமாகக் கரையும். மழைக்காலத்தில் கருப்பட்டி கசிவது இயல்பு, கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். வெயிலில் ஒரு பொழுது காயவைத்து, ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்படிப் பரணில் வையுங்கள்.